பிள்ளைகளோடு பேசாத பேச்சு

குடும்பப் பாடம்



இந்த இதழின் பாடத்தைத் தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது வீட்டு ஜெபக் கூட்டத்தில் உரக்க வாசிக்கக் கூச்சமாயிருக்கும் பாடம். எழுதவும் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நம் மருத்துவமனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த காரியத்தைப் பார்த்த பிறகு எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை. அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஊரும் பேரும் இல்லாமல் எழுதுகிறேன்.

14 வயதுப் பையன். சனிக்கிழமை இரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் 10 மணிக்கு மேல் வலி தாங்காமல் எழுந்தான். அம்மாவிடம் வயிற்று வலி என்றான். அவர்கள் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். விடிவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தான். காலையில் அப்பா மருந்துக் கடையில் வாயுவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆராதனைக்குப் போனார். திரும்பி வந்தபோது பையன் குனிந்தபடியே சுவரைப் பிடித்து நடந்தான். ஆட்டோ பிடித்து எங்களிடம் வந்து சேர்ந்தபோது பகல் 2 மணி.

அவசர சிகிச்சைப் பிரிவில் நானும் ஓர் இளம் மருத்துவரும் இருந்தோம். வயிற்றை அழுத்திப் பார்த்தோம். வயிறு இளக்கமாய் இருந்தது. பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அந்த இளம் மருத்துவர், "தம்பி, கீழே எங்கேயாவது வலிக்குதா?" என்று கேட்டார். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். கால்சட்டையை விலக்கிப் பார்த்தபோது விதைப்பையின் இடது பக்கம் சிவந்து எலுமிச்சம்பழ அளவு வீங்கியிருந்தது.

விதைப்பைக்குள் ஒவ்வொரு விதையும் ஒரு தண்டில் தொங்குகிறது. இரத்தக் குழாய்கள் அந்தத் தண்டு வழியாகத்தான் போய் வருகின்றன. சில பையன்களுக்கு, அதிலும் 12 முதல் 18 வயதுக்குள், கிணற்றுக் கயிறு முறுக்கிக்கொள்வதுபோல் அந்தத் தண்டு திடீரென்று முறுக்கிக்கொள்ளும். இரத்தம் நின்றுபோகும். 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கை அவிழ்த்துவிட்டால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் ஆக ஆக வாய்ப்புக் குறையும். 24 மணி நேரம் கடந்துவிட்டால் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. இவனுக்கு 16 மணி நேரம் ஆகியிருந்தது. உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனோம். விதை கறுத்துப்போயிருந்தது. முறுக்கை அவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியால் மூடி வைத்துப் பார்த்தோம். நிறம் திரும்பவில்லை. எடுத்துவிட வேண்டியதாயிற்று. மற்ற விதைக்கும் அப்படி நேராதபடி தையல் போட்டு நிறுத்தினோம். ஒரு விதையோடு அவன் நல்ல சுகமாக வாழலாம், பிற்காலத்தில் தகப்பனும் ஆகலாம். அதைப் பெற்றோருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னோம்.

மயக்கம் தெளிந்த மறுநாள் அம்மா அவனிடம் கேட்டார்கள்: "ஏன்டா கண்ணு, அங்கதான் வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லக்கூடாதா?"

பையன் சொன்னான்: "எதை என்னன்னும்மா சொல்றது?"

அந்தப் பதில் என்னைவிட்டுப் போகவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அந்த உறுப்புக்கு அவன் வீட்டில் பேர் இல்லை. குழந்தையாய் இருந்தபோது கொஞ்சலாக ஒரு பேர் இருந்தது. நாலைந்து வயதானதும் அதைச் சொன்னால் "சீ, ஷேம்" என்றார்கள். அதன் பிறகு அவன் கேட்ட பேர்களெல்லாம் தெருச் சண்டையில் கேட்ட வசவுகள். அம்மாவிடம் வசவு வார்த்தையைச் சொல்ல முடியுமா? எனவே வயிற்று வலி என்றான். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கம் பற்றிப் பாடம் உண்டுதான். விந்தகம் என்ற நல்ல தமிழ்ச் சொல்லும் அதில் இருக்கிறது. ஆனால் "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்ட ஆசிரியர்களை நம்மில் எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்!

வேதம் கூச்சப்படுகிறதா?

"இதெல்லாம் பரிசுத்தமான பேச்சு அல்ல" என்று ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்கள். நான் அவர்களை லேவியராகமம் 15-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். ஆணுக்கு இந்திரியம் கழிவதைப் பற்றியும் பெண்ணின் மாதவிலக்கைப் பற்றியும் அங்கே எவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறது! அது சபை முழுவதற்கும் கொடுக்கப்பட்ட பிரமாணம். கூடாரத்தில் இருந்த சிறுவர் சிறுமியர் காதிலும் விழுந்திருக்கும். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் 12 வருடம் பெரும்பாட்டினால் வருந்திய பெண் ஒருவரும் அறியாமல் பின்னாலிருந்து ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். ஒருவரும் அறியாமல் சுகத்தோடு போகவும் அவளால் முடிந்திருக்கும். ஆனால் அவர் நின்று விசாரித்தார். கூட்டத்தின் நடுவே அவள் தன் உண்மையையெல்லாம் சொன்னாள். அவர் அவளை மகளே என்றுதான் அழைத்தார். அவளை வெட்கப்படுத்தும்படியாக ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை.

எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதற்கு உபாகமம் 6:7 ஒரு நல்ல வழி. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது என்று அங்கே சொல்லியிருக்கிறது. பிள்ளையை எதிரே உட்கார வைத்து ஒரு மணி நேரம் உபதேசம் செய்யும்படி சொல்லவில்லை. அன்றாட வேலையின் ஊடே, கொஞ்சம் கொஞ்சமாக. நான் பார்த்தவரையில் பெற்றோர் தவறுவது இங்கேதான். "நேரம் வரும்போது பேசலாம்" என்று 13 வருடம் காத்திருந்துவிட்டு, ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒரேயடியாய்க் கொட்டப் பார்க்கிறார்கள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு "சரிப்பா, சரிப்பா" என்கிறது. அதோடு முடிந்தது.

பெண் பிள்ளைகள்: ஊருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது

நம் நாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பெண் பிள்ளை பெரியவளாகிவிட்டால் பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், அவள் படத்தைப் பெரிதாய் அச்சடித்துத் தெருமுனையில் வைக்கிறோம். தாய்மாமன் சீர் வருகிறது. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் மஞ்சள் நீராட்டு என்று சொல்லாமல் ஸ்தோத்திர ஜெபம் என்று அழைப்பிதழ் அடித்து அதையே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக் கோழி முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்றுகிறோம், அது நல்லதுதான். ஆனால் அவள் சரீரத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த மாதம் என்ன ஆகும் என்று அவளிடம் சொன்னவர் யார்? முதல் நாள் உடையில் இரத்தத்தைப் பார்த்துத் தனக்குப் புற்றுநோய் என்று நினைத்து, இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் துணியை ஒளித்து வைத்த பெண் ஒருத்தி எங்கள் விடுதி நோயாளியாக வந்தாள். அவள் அம்மா படித்த ஆசிரியை.

ஆகவே, வருமுன் சொல்லுங்கள். 9, 10 வயதிலேயே சொல்லலாம். மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய 2 வருடத்தில் முதல் மாதவிலக்கு வரும் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலும் 11 முதல் 14 வயதுக்குள் வந்துவிடும். 15 வயது முடிந்தும் வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் 2 வருடம் நாள் தப்பித் தப்பி வருவது இயல்பு. அதற்காக ஒன்றும் சந்தேகப்பட்டுப் பிள்ளையைத் துருவ வேண்டாம். ஏழு நாளுக்கு மேல் போனாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும் தாமதிக்க வேண்டாம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்த சோகை. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே எறிகிறாளா என்று கேட்பதும் இந்தப் பேச்சில் சேர்ந்ததே.

ஒரு வார்த்தை தடுப்பூசியைப் பற்றி. கருப்பை வாய்ப் புற்றுநோய் நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. அதற்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் நல்ல பலன் உண்டு. இந்த வயதில் ஒன்று அல்லது இரண்டு ஊசி போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்தது. "ஏன்மா இந்த ஊசி?" என்று மகள் கேட்பாள். பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

ஆண் பிள்ளைகள்: யாரும் சொல்லாத பாதி

பெண் பிள்ளைக்காவது ஒரு அத்தையோ சித்தியோ காதோடு காதாக ஏதாவது சொல்லி வைப்பார்கள். பையனுக்கு யார் சொல்லுகிறார்கள்? அப்பாவுக்கு அவருடைய அப்பா சொல்லவில்லை. அதனால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக இந்தக் காலியிடத்தில் குடியேறியிருப்பவர்கள் யார் தெரியுமா? மாதம் ஒரு தேதியில் பேருந்து நிலையத்துக்கு அருகே லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்கள்! சுவரொட்டியிலும், நள்ளிரவுத் தொலைக்காட்சியிலும், இப்போது செல்போனிலும் அவர்கள் சொல்லுவது ஒன்றே: இளமையில் செய்த தவறினால் நரம்பு தளர்ந்துவிட்டது, கல்யாண வாழ்க்கைக்கு லாயக்கில்லை, உடனே வா. இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் இருக்கிறது. விளம்பரங்களும் இருக்கின்றன.

எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு 19 வயதுப் பையன் ஒருவன் வந்தான். மெலிந்து, கண் குழிந்து இருந்தான். தூக்கம் இல்லை, பசி இல்லை, உடம்பெல்லாம் வலி. எல்லாப் பரிசோதனையும் சரியாயிருந்தது. நான் பெண் என்பதால் என்னிடம் சொல்ல மாட்டான் என்று ஆண் செவிலியர் ஒருவரை அவனோடு பேச வைத்தேன். இரவில் தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது, 15 வயதிலிருந்து இப்படி இருக்கிறது, 40 சொட்டு இரத்தம் சேர்ந்துதான் 1 சொட்டு விந்து ஆகிறதாம், இத்தனை வருடத்தில் தன் இரத்தமெல்லாம் போய்விட்டது என்று அழுதிருக்கிறான். பெயிண்டர் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தையெல்லாம் லேகியத்துக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தான். இனி கடன் வாங்கத்தான் வேண்டும் என்ற நிலையில் எங்களிடம் வந்தான். செத்துப்போகலாமா என்றும் யோசித்திருக்கிறான்.

இந்தப் பயம் நம் தேசத்தில் மிகப் பழையது. டாக்டர் என். என். விக் என்ற மனநல மருத்துவர் 1960-இல் இதற்குத் 'தாது' என்ற நம் சொல்லையே வைத்துப் பெயரிட்டார். உலகத்து மனநல நூல்களில் அந்தப் பெயரே வழங்குகிறது. உண்மை என்ன? விந்து இரத்தத்தைக் காய்ச்சி வடித்த சாரம் அல்ல. விதைகளும் அதன் மேலுள்ள சுரப்பிகளும், வாயில் எச்சில் ஊறுவதுபோல், ஓயாமல் ஊறவைக்கும் நீர் அது. வெளியே போனாலும் மீண்டும் ஊறும். தூக்கத்தில் வெளியேறுவது வளருகிற பையன்களுக்கு நடப்பதே. அதனால் நரம்பு தளராது, ஞாபகசக்தி போகாது, பிள்ளைப்பேறு கெடாது. அந்தப் பையனுக்கு நாங்கள் கொடுத்த மருந்து இந்த விளக்கமும், தூக்கத்துக்குச் சில நாள் மாத்திரையும், செவிலியரோடு வாரம் ஒரு முறை பேச்சும்தான். ஆறு வாரத்தில் தேறினான்.

சுய இன்பத்தைப் பற்றியும் பெற்றோர் கேட்பார்கள். மருத்துவம் சொல்லுவது: அதனால் சரீரத்துக்கு நோய் ஒன்றும் வராது. விசுவாசிகளுக்கு இதில் மனச்சாட்சியின் கேள்விகள் உண்டு. போதகர்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. அதைத் தகப்பனும் மகனும் வேதத்தை வைத்துப் பேசட்டும். ஆனால் பாவம் என்று எச்சரிப்பதற்காகக் கண் போகும், முதுகெலும்பு தேயும் என்று பொய் மருத்துவம் சொல்லாதீர்கள். அந்தப் பொய்தான் லாட்ஜ் வைத்தியனுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் சிபாரிசுக் கடிதம்.

இன்னொரு சின்ன விஷயம். 13, 14 வயதில் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்பு சற்றுத் தடித்து வலிக்கும். ஒன்றிரண்டு வருடத்தில் தானே அடங்கிவிடும். இது தெரியாமல் சட்டையைக் கழற்றக் கூசி விளையாட்டை விட்ட பையன்கள் உண்டு. ஒரே ஒரு வாக்கியம் போதும்: "எனக்கும் இருந்துச்சுடா, போயிடும்." அதை அப்பா சொல்ல வேண்டும்.

"சொன்னால் கெட்டுப்போவார்களே!"

ஆதரவாளர் கூட்டங்களில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. பயம் நியாயமானது, நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். ஆனால் இதை உலகெங்கும் ஆராய்ந்திருக்கிறார்கள். யுனெஸ்கோ நிறுவனம் 2009-இலும், திருத்தி 2018-இலும் வெளியிட்ட வழிகாட்டியில் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்திருக்கிறது. சரியான பாலியல் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரமாகத் தவறுக்கு இழுக்கவில்லை என்பதே அதில் கண்டது. நம் நாட்டில் பள்ளிகளுக்கென்று கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் பல மாநிலங்கள் எதிர்த்து நிறுத்திவைத்தன. பள்ளியில் வேண்டாம், குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். குடும்பம் பார்த்துக்கொண்டதா? 2020-இல் கொரோனா வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் வகுப்புக்கென்று செல்போன் வாங்கிக் கொடுத்தோம். இப்போது அது சொல்லிக் கொடுக்கிறது.

மௌனம் என்ன செய்யும் என்பதை மிஷன் மருத்துவமனைகள் முன்பே ஒருமுறை பார்த்தன. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் தம் மாணவி நிர்மலாவைப் பெண்களிடம் இரத்த மாதிரி சேகரிக்கச் செய்தார். அவற்றை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. அதற்கு முன்பு, அது மேல்நாட்டு வியாதி, நம் ஒழுக்கமுள்ள தேசத்தில் வராது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

தாவீதின் வீட்டில் நடந்தது

2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கமாக நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். வியாதிக்காரன்போல் படுத்துக்கொண்ட அம்னோனுக்குப் பணியாரம் செய்து கொடுக்கும்படி தாமாரை அனுப்பியது தகப்பனே. கெடுத்தவன் அந்நியன் அல்ல, அண்ணன். அவள் தெளிவாக வேண்டாம் என்றாள். நியாயம் எடுத்துச் சொன்னாள். பிறகு சாம்பலைத் தலையில் போட்டுக்கொண்டு சத்தமிட்டு அழுதுகொண்டே போனாள். அதாவது மறைக்கவில்லை. வாயை மூடச் சொன்னது அவள்மேல் அன்பாயிருந்த அப்சலோம்தான்: அவன் உன் சகோதரன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்ற பொருளில். தாவீது கேள்விப்பட்டுக் கோபப்பட்டார். வேறொன்றும் செய்ததாக எழுதியில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த மௌனம் கொலையில் முடிந்தது.

மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், விசாரிக்கப்பட்ட பிள்ளைகளில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளும் இதில் உண்டு, பெண் பிள்ளைகளுக்குக் குறையாமல். செய்தவர்களில் பலர் பிள்ளைக்கு நன்கு தெரிந்தவர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் இப்படி ஒன்று நடந்தபோது, மூப்பர்கள் கூடி இரு குடும்பத்தையும் ஜெபித்துச் சமாதானமாக்கி அனுப்பினார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். அந்தப் பெண்ணை ஏழு மாதம் கழித்துத்தான் எங்களிடம் கொண்டுவந்தார்கள், வேறொரு காரணத்துக்காக. அந்தக் காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை.

2012-இன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பெற்றோர், போதகர், மருத்துவர் எல்லாருக்கும் இது கடமை. 1098 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். மருத்துவமனைக்குச் சீக்கிரம் வருவது ஏன் முக்கியம் என்றால், எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத் தரிக்காதபடி கொடுக்கும் மருந்தும் அப்படியே, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவரே பார்க்க வேண்டும் என்பதும் சட்டம்.

இதே சட்டத்தில் பெற்றோர் அறியாத இன்னொரு பக்கமும் உண்டு. 17 வயதுப் பெண் மனமொத்துப் போனாலும் சட்டத்தில் அது சம்மதமாகாது. பிளஸ் டூ படிக்கும் நம் பையன் ஓடிப்போய்த் தாலி கட்டினால் வழக்கு அவன்மேல் வரும். இதைப் பையனிடம் முன்பே சொன்ன தகப்பன்மார் எத்தனை பேர்?

வீட்டில் எப்படித் தொடங்குவது

முதலில் பேர் சொல்லிக் கொடுங்கள். குளிப்பாட்டும் வயதிலேயே மூக்கு, முழங்கை என்று சொல்லும் அதே குரலில் ஆண்குறி, விதை, பெண்குறி என்று சொல்லுங்கள். உங்கள் வாய்க்கு அது வராவிட்டால் ஊரில் வழங்கும் ஏதாவது ஒரு நாகரிகமான சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்; எந்தச் சொல் என்பது பெரிதல்ல, அதை அம்மாவிடம் சொல்லலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் போதும். அந்த இடத்தை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லலாம். "மாமா தொட்டாலும், வாத்தியார் தொட்டாலும், சர்ச் அண்ணன் தொட்டாலும் என்கிட்ட வந்து சொல்லணும். யாருக்கும் சொல்லாதேன்னு சொன்னா, கண்டிப்பா சொல்லணும்."

பிறகு, கண்ணுக்குக் கண் பார்க்காத இடங்களைத் தேடுங்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது பையன் கேட்பான். கீரை ஆயும்போது மகள் கேட்பாள். எங்கள் வீட்டில் என் மகன் முக்கியமான கேள்விகளையெல்லாம் விளக்கு அணைத்த பிறகுதான் கேட்டான். கேட்டதற்குமட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்கும் தெரியலடா, டாக்டரம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, மறக்காமல் கேட்டுச் சொல்லுங்கள். "இந்த வயசுல இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்ற ஒரே வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளை இரண்டாம் முறை கேட்காது.

செல்போனில் ஆபாசப் படம் பார்த்துவிட்டான் என்று தெரிந்தால் போனை உடைக்கிறவர்கள் உண்டு. அவன் நண்பனுடைய போனை உடைக்க முடியாதே! அதில் காட்டுவது நடிப்பு, அதிலுள்ள பெண்ணும் ஒருவருடைய மகள், கல்யாண வாழ்க்கை அப்படி இருப்பதில்லை என்று தகப்பன் சொல்லுவதே பலன் தரும். மகளின் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் முதலில் அவளைத் திட்டாமலிருங்கள். மிரட்டுகிறவனுடைய பலமெல்லாம் அப்பா என்ன செய்வாரோ என்ற அவளுடைய பயம்தான்.

பேச முடியவே முடியாத பெற்றோர் சிலர் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிள்ளை நம்பும் ஓர் அத்தை, சித்தப்பா, ஞாயிறு பள்ளி ஆசிரியை என்று ஒருவரைக் காட்டிவிடலாம். 2014 முதல் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் வளரிளம் பருவத்தினருக்கென்று தனி ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. நம் மருத்துவமனையிலும் சனிக்கிழமை மாலைகளில் இப்பிள்ளைகளுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஓர் ஆண் ஆலோசகரும் ஒரு பெண் ஆலோசகரும் உட்காருகிறார்கள். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. அந்த இருவருடைய சம்பளம் உங்கள் காணிக்கையிலிருந்து போகிறது என்பதை நன்றியோடு தெரிவிக்கிறேன்.

இந்தப் பாடத்தைப் பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ வாலிபர் கூட்டத்திலோ எடுத்தால், 2 சாமுவேல் 13-ஐ முழுவதும் வாசித்துவிட்டு, தாமாரிடம் அப்சலோம் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் இந்த உறுப்புகளுக்கு என்ன பேர் வழங்குகிறது என்றும் கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அந்த 14 வயதுப் பையன் மூன்று மாதம் கழித்துச் சோதனைக்கு வந்தான். நன்றாய் இருக்கிறான், கபடி ஆடலாமா என்று கேட்டான். அப்பா இந்த முறை இளைய மகனையும் கூட்டி வந்திருந்தார், ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவன். "இவனையும் ஒரு தடவை பாத்துடுங்க டாக்டரம்மா. சொல்ல வேண்டியத நானே சொல்லிட்டேன். சரியா சொல்லியிருக்கேனான்னு மட்டும் கேட்டுப் பாருங்க" என்றார்.

கேட்டேன். சிறுவன் ஒருமுறை அப்பாவைப் பார்த்துக்கொண்டான். பிறகு, அங்கே வலித்தால் ராத்திரியானாலும் அப்பாவை எழுப்ப வேண்டும், வயிற்று வலி என்று சொல்லக்கூடாது, விதை வலிக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று ஒப்பித்தான். கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.